காதும் கண்ணும் ஒருசேரக் குறைந்த மாணவருக்குப் பாடப்பொருள் தயாரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி பள்ளியாகவும் வீடு வீடாகவும் சென்று வரும் சிறப்பாசிரியர்களிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. தமிழ்நாட்டு வகுப்பாசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்கின்றன.

1. இந்தப் பிள்ளைகளுக்கு எதுவுமே கேட்காது, எதுவுமே தெரியாது, அப்படித்தானே?

இல்லை. முழு இருளும் முழு நிசப்தமும் சேர்ந்த நிலை மிகச் சிலருக்கே. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் பார்வையோ கொஞ்சம் செவித்திறனோ மிச்சம் இருக்கும். ஒருத்திக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். ஒருவனுக்கு நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது. இன்னொருவனுக்குக் காதுக்கருவி போட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும், ஆனால் இரைச்சலான வகுப்பில் பாடம் கேட்காது.

காரணங்களும் பலவகை: கர்ப்பக் காலத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா, குறைமாதப் பிறப்பு, மூளைக்காய்ச்சல், அஷர் போன்ற மரபுவழி நிலைகள். (ரூபெல்லாவைத் தடுக்க முடியும். தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது 2017 பிப்ரவரியில்தான்.) 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில், பல்வகைக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் இது வருகிறது. அந்தச் சட்டம் எத்தனை சதவீதம் பார்வை போயிற்று என்று கேட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. இரண்டு குறைகளும் சேர்ந்து தகவல் பரிமாற்றத்தையும் வளர்ச்சியையும் கல்வியையும் கடுமையாகப் பாதிக்கும் நிலை என்றே விவரிக்கிறது. வகுப்பறையில் நமக்கு வேண்டியதும் அந்த விவரிப்புதான்.

2. பார்வையற்றோருக்கான பொருள்கள் வட்டார வள மையத்தில் இருக்கின்றன. காது கேளாதோருக்கான படஅட்டைகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. பார்வையற்ற பிள்ளைக்கான பொருள்களில் பாதி காதை நம்பிச் செய்யப்பட்டவை: ஒலிநூல், பேசும் கருவி, மணி வைத்த பந்து, பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டும் தோழன். காது கேளாத பிள்ளைக்கான பொருள்கள் முழுக்கவே கண்ணை நம்பியவை: படம், சைகை, உதட்டசைவு, காணொளி. ஒரு புலன் விட்டதை மற்றது ஈடுகட்டும் என்ற கணக்கில் இரண்டும் எழுந்திருக்கின்றன. நம் பிள்ளைக்கு அந்தக் கணக்கே உதைக்கிறது.

இங்கே பாடப்பொருள் தொடுவதற்கும், முகர்வதற்கும், அதிர்வாக உணர்வதற்கும், மிக அருகில் வைத்துப் பார்ப்பதற்கும் உரியதாக இருக்க வேண்டும். எந்தக் கலவை என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதனால்தான் இன்ன பொருள் வாங்குங்கள் என்று ஒரே பட்டியலை எல்லாப் பள்ளிகளுக்கும் நான் கொடுப்பதில்லை.

3. எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளைதான் இருக்கிறான். எதிலிருந்து தொடங்குவது?

கடைக்குப் போகாதீர்கள், அவனைக் கவனியுங்கள். கண் மருத்துவரின் அறிக்கையையும் செவித்திறன் அறிக்கையையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை மருத்துவமனை வெளிச்சத்திலும் அமைதியான அறையிலும் எடுக்கப்பட்டவை. உங்கள் வகுப்பில் மின்விசிறி சுற்றுகிறது, ஜன்னலிலிருந்து வெயில் அடிக்கிறது, நாற்பது பிள்ளைகள் கத்துகிறார்கள். சோற்றுத் தட்டை அவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? தெரிந்தவர் வந்தால் எதைத் தொட்டு அடையாளம் காண்கிறான்? புதுப் பொருளை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறானா, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிறானா, வாயில் வைக்கிறானா? அம்மாவிடம் கேட்டால் பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும்.

துணை வேண்டுமானால் சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். மும்பையில் 1977இல் தொடங்கிய ஹெலன் கெல்லர் நிறுவனமும், அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 முதல் செயல்படும் சென்ஸ் இன்டர்நேஷனல் இந்தியாவும் இந்தத் துறைக்கென்றே இருப்பவை.

4. ஜெராக்ஸ் கடையில் பாடத்தை ஏ3 அளவுக்குப் பெரிதாக்கிவிட்டோம். இனிப் பிரச்சினை இல்லையே?

ஜெராக்ஸில் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரம் சிதையும், பின்னணி சாம்பல் பூக்கும், தாள் மேசையைவிட்டு வெளியே தொங்கும். பெரிய எழுத்துப் பிரதி வேண்டுமென்றால் கணினியில் புதிதாகத் தட்டச்சு செய்து, 18 புள்ளி அல்லது அதற்கு மேல், தடித்த கோடுள்ள எழுத்துருவில், வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி விட்டு அச்சிடுங்கள். பளபளப்பில்லாத தாளாக இருக்கட்டும். படத்தின் மேல் எழுத்தை ஏற்றி அச்சிடும் அலங்காரம் வேண்டாம்.

தமிழுக்கென்று சில கண்ணிகள் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி மெலிந்து மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். எ, ஏ இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஒரு சிறு கோடு. ன, ண இரண்டையும் சுழி எண்ணித்தான் பிரிக்க வேண்டும். துணைக்காலையும் ரகரத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வரையும் எழுத்துருக்கள் இருக்கின்றன. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கையும் அடித்துப் பாருங்கள். திருமண அழைப்பிதழுக்கு அழகாக இருக்கும் எழுத்துரு பெரும்பாலும் இங்கே தோற்றுப்போகும்.

இன்னொன்று: பெரிது எல்லோருக்கும் நல்லதல்ல. பார்வை குழாய்போல ஒடுங்கிய பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், ஒரு பார்வையில் அகப்படும் எழுத்துகளின் எண்ணிக்கை குறைகிறது. ஒரு சொல்லைப் பிடிக்கவே கண் பலமுறை நகர வேண்டியிருக்கும். அவனுக்குச் சாதாரண அளவே போதும், கறுப்பு நல்ல கறுப்பாகவும் வெள்ளை நல்ல வெள்ளையாகவும் இருந்தால் சரி. ஒரே பத்தியை மூன்று அளவுகளில் கொடுத்து, எதை வேகமாகவும் களைப்பில்லாமலும் படிக்கிறான் என்று பாருங்கள். காலையில் ஒருமுறை, மதிய உணவுக்குப் பிறகு ஒருமுறை. இரண்டு விடைகளும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

5. மகனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. இப்போது இருட்டினால் தடுமாறுகிறான், பகலில் நன்றாகத்தான் படிக்கிறான். இப்போதே பிரெயில் எதற்கு, பயப்பட மாட்டானா?

முதலில் விழித்திரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிறவிச் செவித்திறன் குறையோடு மாலைக்கண்போன்ற தடுமாற்றமும் சேர்ந்தால் அஷர் நிலையாக இருக்கலாம். அதில் இரவுப் பார்வை முதலில் குறையும், பிறகு பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கும். படியில் இடறுவது, பக்கத்தில் நீட்டிய கையைக் கவனிக்காதது, மார்புக்குக் கீழே காட்டும் சைகையைத் தவறவிடுவது ஆகியவற்றைப் பள்ளியில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள்.

பிரெயிலைப் பொறுத்தவரை, கண் இருக்கும்போதே தொடங்குவதே மேல் என்பது என் கருத்து. புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே விரலைப் பழக்கலாம், அவசரம் இருக்காது. நாளுக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் பிரெயில் தாளை மட்டும் நீட்டாதீர்கள். என்ன நடக்கிறது என்பதை அவன் வயதுக்கேற்ப, அவன் மொழியில், பெற்றோர் முன்னிலையில் சொல்ல வேண்டும். அச்சுப் பாடத்துக்கு 4ஆம் பதிலின் கடைசிப் பத்தி பொருந்தும். கூடவே பென்சிலுக்குப் பதில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா, தடித்த கோடு போட்ட நோட்டு, தோளுக்குப் பின்னாலிருந்து விழும் மேசை விளக்கு. சைகை செய்பவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி நின்று, முகத்தருகே, சிறிய அளவில் சைகை செய்தால் அவனுடைய குறுகிய புலத்துக்குள் அது முழுமையாக அகப்படும்.

6. ஐந்து வயது. சைகையும் தெரியாது, பிரெயிலும் தெரியாது, பேச்சும் இல்லை. அவளுக்கு என்ன பாடப்பொருள் செய்வது?

அவளுடைய முதல் பாடநூல் அவளுடைய நாள்தான். காலையில் யாரோ தூக்குகிறார்கள், எங்கோ உட்கார வைக்கிறார்கள், திடீரென்று வாயில் எதையோ ஊட்டுகிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் வழி அவளுக்கு இல்லை. கண் பார்க்கும் பிள்ளை அடுப்படிச் சத்தத்தையும் அம்மா எழுந்து போவதையும் வைத்து ஊகித்துவிடுகிறது. அந்த ஊகத்துக்கான பொருளைத்தான் நாம் முதலில் அவள் கையில் வைக்க வேண்டும்.

நெதர்லாந்தில் ரூபெல்லாவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்த யான் ஃபான் டைக் 1960களில் வளர்த்தெடுத்த வழி இது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பொருள். சாப்பாட்டுக்கு அவளுடைய கரண்டி. ஊஞ்சலுக்கு அதே ஊஞ்சலின் கயிற்றிலிருந்து வெட்டிய துண்டு. கைகழுவ சோப்புப் பெட்டி. செயல் தொடங்கும் முன் பொருளைக் கையில் கொடுத்து, அதோடு அந்த இடத்துக்குச் செல்லுங்கள். முடிந்ததும் 'முடிந்தது' கூடையில் அவளே போடட்டும். தினமும், அதே பொருள், அதே வரிசை.

சில வாரங்களிலோ மாதங்களிலோ அவள் கரண்டியைத் தொட்டதும் வாயைத் திறப்பாள், அல்லது எழுந்து நிற்பாள். அப்போது ஒரு நீள அட்டைப்பெட்டியைத் தடுப்பு வைத்துப் பிரித்து, காலைமுதல் மாலைவரையான பொருள்களை இடமிருந்து வலமாக அடுக்குங்கள். காலம் என்பது என்ன, வரிசை என்பது என்ன, நேற்று என்பது என்ன என்று அந்த நாள்பெட்டி சொல்லிக்கொடுக்கும். பிறகு முழுப் பொருளிலிருந்து அதன் ஒரு பகுதிக்கு, அட்டையில் ஒட்டிய துண்டுக்கு, அதன் அருகே பிரெயில் சொல்லுக்கு என்று நகரலாம். ஒரு படியில் நிலைக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி, 'பிள்ளை இன்னும் எழுத்துக்கே வரவில்லையா' என்று கேட்கக்கூடும். பெட்டியைத் திறந்து காட்டி விளக்குங்கள்.

7. கடையில் குட்டிப் பொம்மைகள் கிடைக்கின்றன. பஸ், வாழைப்பழம், யானை எல்லாம். அவற்றைப் பயன்படுத்தலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். பொம்மை பஸ் பஸ்ஸைப் போல இருப்பது கண்ணுக்கு மட்டும்தான். கைக்கு அது கூர்முனையுள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டி. பஸ் என்றால் அவளுக்கு உயரமான படிக்கட்டு, குளிர்ந்த கம்பி, இருக்கையின் ரெக்ஸின், உடம்பெல்லாம் நடுங்கும் எஞ்சின் அதிர்வு, டீசல் வாடை. எனவே பஸ்ஸுக்கு ஒரு ரெக்ஸின் துண்டோ, கம்பித் துண்டோ. வாழைப்பழத்துக்கு வாழைப்பழமே, விலையும் அதிகமில்லை.

உருவத்தைச் சிறிதாக்கினாலும் அது அதையேதான் குறிக்கிறது என்பதைப் பிள்ளை ஒருநாள் கற்க வேண்டும், உண்மைதான். அது மேல்வகுப்புப் பாடம். முழு நாற்காலியைத் தடவியபின் அதன் குட்டி வடிவம், வகுப்பறையைச் சுற்றி நடந்தபின் அதன் மாதிரி அட்டை என்று பின்னர் வரலாம்.

8. பொருளைத் தொடச் சொல்லிக் கையைப் பிடித்து வைத்தால் இழுத்துக்கொள்கிறாள். பிடிவாதமா?

நம் கண்ணிமையைப் பிடித்து இழுத்து 'பார்' என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அவள் கைதான் அவள் கண். அதைப் பிடித்து ஈரமானதிலும் சொரசொரப்பானதிலும் அழுத்தினால் இழுத்துக்கொள்ளத்தான் செய்வாள்.

உங்கள் கையைக் கீழே வையுங்கள், அவள் கை உங்கள் கைமேல் இருக்கட்டும். நீங்கள் பொருளைத் தடவுங்கள். அவள் விரும்பும்போது விரல் நுனி உங்கள் கையிலிருந்து வழுக்கிப் பொருளுக்குப் போகும், வேண்டாமென்றால் திரும்பி வரும். நேரம் பிடிக்கும். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு மாங்காயைத் தவிர வேறெதுவும் நடக்காத நாள்களும் உண்டு. அதைப் பாடக்குறிப்பேட்டில் தயங்காமல் எழுதுங்கள்.

9. வகுப்பில் எல்லாப் பொருளிலும் பிரெயில் சீட்டு ஒட்டிவிட்டால் தானாகப் படித்துக்கொள்வாள் அல்லவா?

இதை முதலில் முயன்றவர்களில் ஒருவர் பாஸ்டனில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியை நடத்திய சாமுவேல் கிரிட்லி ஹோவ். இரண்டு வயதில் செம்புள்ளிக் காய்ச்சலில் பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் 1837இல், எட்டு வயது நிறையும் முன், அங்கே வந்தாள். கரண்டி, சாவி போன்ற அன்றாடப் பொருள்களில் மேடெழுத்துச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. லாரா சீட்டைத் தடவிப் பொருளோடு பொருத்தக் கற்றாள், ஆனால் வெறும் பொருத்தலாக. அது தன் மனத்தில் உள்ளதை இன்னொருவருக்குத் தெரிவிக்கும் வழி என்பது பின்னர்தான் அவளுக்கு விளங்கியது. பிறகு தனித்தனி எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கினாள். இதேபோல் பார்வையும் செவியும் இல்லாமல் படித்துப் புகழ்பெற்ற ஹெலன் கெல்லருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. நம் பாடநூல்கள் கெல்லரோடு நின்றுவிடுகின்றன.

ஆகவே சீட்டு ஒட்டுங்கள், தவறில்லை. ஆனால் 6ஆம் பதிலில் சொன்ன பொருள்–செயல் பிணைப்பு உருவான பொருள்களில் மட்டும், அவள் கை இயல்பாகப் போகும் உயரத்தில் ஒட்டுங்கள். சுவர்க் கடிகாரத்தின் மேல் பிரெயில் சீட்டு ஒட்டியிருக்கும் வகுப்பறைகள் உண்டு. யாருக்காக என்று தெரியவில்லை.

10. அறிவியல், சமூக அறிவியல் புத்தகம் முழுவதும் படம். தொட்டறியும் படமாக எப்படி மாற்றுவது?

முதல் கேள்வி: மாற்ற வேண்டுமா? பாடநூல் படங்களில் பல அலங்காரத்துக்கு இருப்பவை, விட்டுவிடலாம். சிலவற்றை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு அசல் பொருளே கிடைக்கும். பூவின் பாகங்களுக்குச் செம்பருத்தியைவிட நல்ல பாடப்பொருள் எது? இதழைக் களைந்தால் நடுத்தண்டு, அதன் மேல் மகரந்தத் தூள், நுனியில் ஐந்தாகப் பிரிந்த சூல்முடி, எல்லாமே விரலுக்குத் தட்டுப்படும் அளவு. இதற்குப் பிறகு தொடுபடம் கொடுத்தால் அது நினைவூட்டலாக வேலை செய்யும். முதல் அறிமுகமே தொடுபடம் என்றால் அது புதிர்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், அச்சுப் படத்தின் கோடுகளை அப்படியே மேடாக்காதீர்கள். எதைக் கற்பிக்கிறோம் என்று ஒன்றை மட்டும் முடிவு செய்து மற்றதைக் கழியுங்கள். தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். எல்லைக்குச் சணல் கயிறு, கடலுக்கு உப்புத்தாள், காவிரிக்கு வழவழப்பான நூல். அவ்வளவுதான் ஒரு தாள். மலைகள் இன்னொரு தாளில். 38 மாவட்டங்களையும் ஒரே தாளில் ஏற்றினால் விரலுக்கு அது வெறும் சொரசொரப்பு. கோடுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கோடு ஒன்றாகிவிடும். பெயரை முழுதாக எழுத இடம் இருக்காது. ஓர் எழுத்தைக் குறியாக வைத்து விளக்கத்தைத் தனித் தாளில் கொடுங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் எட்டும் அளவைத் தாண்ட வேண்டாம். வலது மேல் மூலையை வெட்டிவிட்டால் எது மேல் பக்கம் என்று அவளே கண்டுகொள்வாள். கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைக்கு அதே படத்தில் கயிற்றுக்கும் தாளுக்கும் அழுத்தமான வண்ண வேறுபாடு இருக்கட்டும்.

சூடேற்றினால் கறுப்புக் கோடு மட்டும் உப்பும் தாள் உண்டு, ஆனால் விலை அதிகம், கருவியும் வேண்டும். பள்ளிக்கு மருதாணிக் கோனில் ஃபெவிக்கால் நிரப்பி வரைவதே போதும், இரவில் காயவைத்தால் காலையில் நல்ல மேட்டுக்கோடு. தையல்காரர் துணியில் குறி வைக்கும் பற்சக்கரத்தை, தடித்த தாளின் பின்பக்கத்தில் ரப்பர் விரிப்பின் மேல் உருட்டினால் முன்பக்கம் புள்ளிக்கோடு எழும் (படத்தை இடவல மாற்றி வரைய மறக்காதீர்கள்). முடித்ததும் கண்ணை மூடித் தடவி 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது. படம் உங்களுக்கு முன்பே தெரியும். படத்தைப் பார்த்திராத, தொட்டுப் படித்துப் பழகிய ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

11. பிரெயிலில் ஒரு பாடமே ஒரு கட்டு ஆகிவிடுகிறது. ஏன் இவ்வளவு பக்கம்? வேறு வழி இல்லையா?

தமிழ்ப் பிரெயில் 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் அமைந்தது. அதில் 'கி' என்றால் ககரமும் இகரமும் தனித்தனிக் கட்டங்கள் (கட்டம் என்பது ஒரு குறிக்கான புள்ளிகள் அமையும் இடம்). புள்ளி வைத்த 'க்' என்றாலும் இரண்டு கட்டங்கள். 'படிக்கிறான்' அச்சில் ஆறு எழுத்து, பிரெயிலில் பதினொரு கட்டம். பெரிய பிரெயில் தாளிலும் வரிக்கு நாற்பது கட்டம், பக்கத்துக்கு இருபத்தைந்து வரி என்பதே உச்சம். பக்கம் பெருகாமல் என்ன செய்யும்? எனவே புத்தகத்தைப் பாடம் பாடமாகப் பிரித்துக் கட்டுங்கள். முழுப் புத்தகத்தையும் தினமும் சுமக்க வைக்காதீர்கள்.

வரிசையாகப் புள்ளிகள் எழுந்து மறையும் பிரெயில் திரை ஒரு வழி. இந்தியாவில் கிடைக்கும் 'பிரெயில் மீ', 'ஆர்பிட் ரீடர் 20' இரண்டும் 20 கட்டங்கள் கொண்டவை. மேலே சொன்ன கணக்குப்படி தமிழில் ஒரு நேரத்தில் ஏறத்தாழ இரண்டு சொல் தெரியும். கதை படிக்கலாம். அட்டவணையும் கணக்கும் தாளில்தான் வசதி. பேசும் கருவி எதையும் வாங்கும் முன் 2ஆம் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாடநூல் பிடிஎஃப் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் தமிழ்ப் பிடிஎஃப்களில் பல பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் இருப்பதால், நகலெடுத்து ஒட்டினால் எழுத்து குதறிப்போகும். யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாகச் சரிபார்த்த பின்பே பிரெயில் மென்பொருளுக்குக் கொடுங்கள். 'படத்தைப் பார்த்து விடை எழுதுக' என்பது பிரெயிலில் அப்படியே வந்து நிற்கும் கொடுமையையும் அப்போதே நீக்கிவிடலாம்.

12. இப்படி மாற்றி அச்சிட அனுமதி வாங்க வேண்டாமா?

வேண்டியதில்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கமின்றி அணுகத்தக்க வடிவில் மாற்றுவதை அனுமதிக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான், 2014இல். 2016இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தில் ஏற்கெனவே மாற்றப்பட்ட நூல்கள் இருக்கின்றன. தட்டச்சில் இறங்கும் முன் அங்கே தேடிவிடுங்கள்.

13. புத்தகத்தில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, வகுப்பில் ஸ்மார்ட் போர்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் என்ன செய்வாள்?

இப்போது பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். காணொளியில் என்ன பேசுகிறார்கள் என்பதையும் என்ன காட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதி, அவளுக்கு ஏற்ற வடிவில் முந்தின நாளே கொடுங்கள். ஐந்து நிமிடக் காணொளிக்கு ஒரு பக்கம் எழுத முடியவில்லை என்றால், அந்தக் காணொளியில் பாடம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

14. பாடப்பொருள் எல்லாம் தயார். ஆனால் நான் பாடம் நடத்தும்போது அவனுக்கு எதுவும் போய்ச் சேரவில்லையே?

மற்றப் பிள்ளைகள் கரும்பலகையையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அவனுக்குக் கை ஒன்றுதான் வழி. படத்தைத் தடவும்போது தொடு சைகையை, அதாவது அவன் கையால் தொட்டுணரும் சைகையை, வாங்க முடியாது, தொடு சைகையை வாங்கும்போது படிக்க முடியாது. ஆசிரியர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். 'படத்தைப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவன் தடவி முடித்துக் கையை உயர்த்தியதும் விளக்குங்கள். பக்கத்தில் அமர்ந்து கையில் சைகையாகவோ எழுத்தாகவோ சொல்லும் ஒருவர் இருந்தால், யார் பேசுகிறார்கள், ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

தாளை வகுப்பு தொடங்கியபின் கொடுத்தால் அவன் எப்போதும் ஒரு பாடம் பின்தங்கியே இருப்பான். முந்தின நாள் மாலை கொடுப்பதுதான் சமவாய்ப்பு. மிச்சப் பார்வை உள்ளவனென்றால் உங்கள் உடையும் பாடப்பொருளே. பூப்போட்ட சேலைமேல் காட்டும் சைகை தெரியாது, கையின் நிறத்தோடு மாறுபட்ட ஒற்றை நிறம் உடுத்துங்கள். மிச்சச் செவி உள்ளவனென்றால் உங்கள் ஒலிவாங்கியிலிருந்து நேரே அவன் காதுக்கருவிக்கு அனுப்பும் எஃப்எம் கருவியைப் பற்றிச் செவித்திறன் வல்லுநரிடம் கேளுங்கள்.

15. பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் கொடுப்பார்களே, அது போதாதா?

சொல்வதை எழுதுபவர் வினாவை எப்படி அவனுக்குச் சொல்வார்? வாயால் சொன்னால் கேட்காது. தொடு சைகை தெரியாதவரை அமர்த்தினால் இருவரும் மூன்று மணி நேரம் அருகருகே அமர்ந்திருக்கலாம், அவ்வளவுதான். பிரெயில் வினாத்தாளோ பெரிய எழுத்து வினாத்தாளோ வேண்டுமா, எழுதுபவர் அவன் மொழி அறிந்தவரா, படவினாக்களுக்கு மாற்று வினா உண்டா என்பவற்றைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள். தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதலைப் பார்த்து மனுவில் குறிப்பிடலாம்.

வடிவம் பழகாததாக இருந்தால் நேரம் மட்டும் உதவாது. 1899இல் ராட்கிளிஃப் கல்லூரி நுழைவுத்தேர்வில் ஹெலன் கெல்லரிடம் வினாத்தாளை அமெரிக்கப் பிரெயிலில் கொடுத்தார்கள். இயற்கணிதத்தில் அவர் பயின்றிருந்ததோ ஆங்கிலேயப் பிரெயிலின் குறியீடுகள். தேர்வுக்கு முன் அவசர அவசரமாகப் புதுக் குறியீடுகளைக் கற்று, தேர்வறையில் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடே தடவித் தேர்ச்சி பெற்றார். கெல்லரால் முடிந்தது என்பது நம் பிள்ளையை அதே தொல்லையில் மாட்டிவிடுவதற்குக் காரணம் ஆகாது. காலாண்டுத் தேர்விலிருந்தே பொதுத்தேர்வின் வடிவத்தில் தாள் கொடுங்கள்.

16. ஒரே ஒரு பிள்ளைக்காக இவ்வளவா? மற்ற நாற்பது பேர் இருக்கிறார்களே?

கோபமாகக் கேட்பவர்களைவிடச் சோர்ந்துபோய்க் கேட்பவர்களே அதிகம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். பார்வையற்ற, காது கேளாத, அல்லது இரண்டும் உடைய மாணவருக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிப்பது பள்ளியின் கடமை என்று 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வரையறுக்கும் அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் புத்தகமும் கற்றல் பொருள்களும் உதவிக் கருவிகளும் 18 வயதுவரை இலவசமாக வழங்க வேண்டும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. கடமை அரசுக்கும் பள்ளிக்கும். உங்கள் ஒருவருடைய மாலை நேரத்துக்கு மட்டும் அல்ல. வட்டார வள மையத்தில் எழுத்துமூலம் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை செய்த சணல் வரைபடம் பல ஆண்டுகள் வரும். மற்ற நாற்பது பேரும் அதைத் தொட்டுப் பார்க்கச் சண்டை போடுவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள்.

17. அவளுக்குப் புரிந்ததா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

'புரிந்ததா' என்று கேட்டால் தலையாட்டும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, இவள் வகுப்பிலும். வரிசையை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள். நாள்பெட்டியில் கரண்டியின் இடத்தில் கயிற்றை வைத்தால் குழம்புகிறாளா, எடுத்து மாற்றுகிறாளா? தொடுபடத்தில் ஒரு பாகத்தை ஒட்டாமல் விட்டால் தேடுகிறாளா? பெரிய பிள்ளையென்றால், வரைபடத்தைப் படித்தபின் களிமண்ணில் அவளையே செய்யச் சொல்லுங்கள். காவிரியை மலையிலிருந்து கடலுக்கு இழுத்தால் புரிந்திருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்தான் பலரிடம் குறைவு. தொட்டுப் படிப்பவர் முழுதையும் ஒரே பார்வையில் பெறுவதில்லை, துண்டு துண்டாகச் சேர்க்கிறார். அவள் கை அசையாமல் இருக்கும் நேரத்தைப் பதில் இல்லை என்று எடுத்துக்கொண்டு நீங்களே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

18. நான் மாறுதலில் போகிறேன். அடுத்து வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாரே?

தொடங்குவார், நீங்கள் எதுவும் எழுதி வைக்காவிட்டால். ஒரு நோட்டில் இவற்றை மட்டும் எழுதுங்கள்: அவள் எதைத் தொட்டு உங்களை அடையாளம் காண்கிறாள் (உங்கள் வளையல் என்றால், புதியவருக்கு வேறொரு அடையாளம் முடிவு செய்து அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள்), எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எந்த வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, எந்தச் சைகைகள் அவளே உருவாக்கியவை, ஒவ்வொரு பொருளும் எதைக் குறிக்கிறது. சைகைகளைக் கைப்பேசியில் சிறு காணொளிகளாகவும் எடுத்துப் பெற்றோரிடம் கொடுங்கள்.

பொருள்களையும் தொடுபடங்களையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்து, எது எந்தப் பாடத்துக்கு என்று மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பெட்டியைப் பள்ளிச் சரக்கிருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் ஆண்டு இறுதிச் சுத்தத்தில் யாரும் பழைய சணல் என்று தூக்கி எறிய மாட்டார்கள். முடிந்தால் புதியவர் வந்த முதல் வாரத்தில் ஒருநாள் மூவருமாகப் பெட்டியைத் திறந்து அமருங்கள், பொருள்களை அவளே எடுத்துக் கொடுக்கட்டும்.